அத்தியாயம் 6: கை நீளமானவர்களுக்குச் சட்டை

முழுக்கைச் சட்டை வாங்கப் போகும் நீண்ட கைக்காரருக்கு ஜவுளிக்கடையில் கிடைக்கும் யோசனை பெரும்பாலும் ஒன்றுதான். “சார், ஒரு சைஸ் பெருசா போட்டுப் பாருங்க.” போட்டுப் பார்த்தால் கை அரை இன்ச் இறங்கியிருக்கும். அந்த அரை இன்ச்சுக்காகத் தோள் தையல் புஜத்துக்குச் சரிந்துவிடும். காலர் கழுத்தைத் தொடாமல் நிற்கும். இடுப்பைச் சுற்றித் துணி திரளும். மணிக்கட்டு எலும்பு அப்போதும் வெளியே தெரியும்.

இந்த அத்தியாயத்தில் நான் சொல்ல வருவது ஒரே விஷயம்தான். அகலத்தைக் கூட்டி நீளத்தைப் பெற முடியாது. கைக்கு நீளம் வேண்டுமென்றால் நீளத்தையே கேட்டு வாங்க வேண்டும், அல்லது கேட்டுத் தைக்க வேண்டும். அதற்கு உங்கள் கையின் அளவு உங்களுக்கே தெரிந்திருக்க வேண்டும். சட்டையின் எந்தப் பகுதி கை நீளத்தைக் கூட்டுகிறது, எது குறைக்கிறது என்பதும் புரிந்திருக்க வேண்டும். இரண்டையும் ஒரே மாலைப் பொழுதில் கற்றுக்கொள்ளலாம்.

உங்கள் கை உண்மையிலேயே நீளமா?

சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் முழுதாக விரியுங்கள். ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனிவரை இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான பெரியவர்களுக்கு இந்த அளவு உயரத்தை ஒட்டியே வரும். அதைவிட இரண்டு மூன்று இன்ச் கூடுதலாக வந்தால் நீங்கள் இந்த அத்தியாயத்துக்கு உரியவர். நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸின் உயரம் 193 செ.மீ., கை விரிப்பு 201 செ.மீ. அவர் உடம்புக்குப் பொருந்தும் ரெடிமேட் சட்டையில் கை எவ்வளவு குறையும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

விரிப்பு அளவு ஒரு முதல் குறிப்பு மட்டுமே. அதில் தோள் அகலமும் உள்ளங்கையும் விரல்களும் சேர்ந்திருக்கின்றன. சிலருக்குத் தோள் அகலம், கை சராசரி. சிலருக்குத் தோள் குறுகல், முன்னங்கை மட்டும் நீளம். இன்னும் சிலர் உயரம், ஒல்லி, கை கால் எல்லாமே நீளம். மூவருக்கும் சட்டையின் கை குட்டையாகவே தெரியும். ஆனால் தீர்வு மூவருக்கும் ஒன்றாக இராது. அதனால்தான் தனித்தனி அளவுகள் வேண்டும்.

உடல்நலம் பற்றி ஒரு வார்த்தை. கை விரிப்பு உயரத்தைப் போல 1.05 மடங்குக்கு மேல் இருந்து, கூடவே கடுமையான கிட்டப்பார்வை, நெஞ்செலும்பு உள்ளே குழிந்தோ வெளியே துருத்தியோ இருப்பது, குடும்பத்தில் இளவயது இதயநோய் ஆகியவையும் இருந்தால் ஒருமுறை மருத்துவரைப் பாருங்கள். மார்ஃபான் என்ற பிறவிக் குறைபாட்டின் அடையாளங்களில் நீண்ட கையும் ஒன்று. நீண்ட கை மட்டும் இருந்து வேறெதுவும் இல்லையென்றால் கவலைப்பட ஒன்றுமில்லை.

சைஸ் எண்ணில் கை நீளம் இல்லை

நம் ஊர் ஃபார்மல் சட்டைகளில் 38, 39, 40, 42, 44 என்று பார்க்கிறோம். பல பிராண்டுகளில் இது காலரின் சுற்றளவு, சென்டிமீட்டரில். 39 என்றால் ஏறத்தாழ 15½ இன்ச் கழுத்து. வேறு சில தயாரிப்பாளர்கள் மார்புச் சுற்றளவை இன்ச்சில் போடுகிறார்கள். எப்படிப் போட்டாலும் அந்த எண் கையைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. ஸ்லிம் ஃபிட், ரெகுலர் ஃபிட் என்ற பெயர்களும் மார்பையும் இடுப்பையும் பற்றியவையே. கை நீளம் அந்தந்த சைஸுக்கான சராசரி ஆளை வைத்து வெட்டப்படுகிறது. ஒரு சைஸிலிருந்து அடுத்த சைஸுக்கு மார்பு இரண்டு இன்ச் கூடும்போது கை கால் இன்ச்சோ அரை இன்ச்சோதான் கூடும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். மார்பு 38, தேவையான கை நீளம் 26½ இன்ச் உள்ள ஒருவர், கை 25 இன்ச் உள்ள சட்டையை எடுக்கிறார். குறைவது 1½ இன்ச். சைஸுக்கு அரை இன்ச் என்ற தாராளக் கணக்கிலேயே மூன்று சைஸ் மேலே போக வேண்டும். அப்போது மார்பில் ஆறு இன்ச் துணி வீணாகத் தொங்கும்.

கடைக்காரர்களையும் கம்பெனிகளையும் குறை சொல்லி இதில் பயனில்லை. ஒரே நிறச் சட்டையை ஆறு காலர் அளவில் வைத்தால் ஆறு பெட்டி போதும். ஒவ்வொன்றுக்கும் நான்கு கை நீளம் வைத்தால் 24 பெட்டி வேண்டும். அமெரிக்காவில் நல்ல ஃபார்மல் சட்டைகளைக் கழுத்து, கை என்று இரண்டு எண் போட்டுத்தான் விற்கிறார்கள். 16–34/35 என்றால் கழுத்து 16 இன்ச், கை 34 அல்லது 35 இன்ச். அங்கேயும் பெட்டிகளைக் குறைக்கத்தான் இரண்டு கை அளவுகளை ஒன்றாகச் சேர்த்தார்கள். இப்படிச் சேர்த்த சட்டைகளின் கஃபில் இரண்டு பட்டன் வைப்பது உண்டு. கை குட்டையானவர் இறுக்கமான பட்டனைப் போட்டுக்கொண்டால் கஃப் மணிக்கட்டிலேயே நிற்கும்.

அமெரிக்காவிலோ பிரிட்டனிலோ இருக்கும் வாசகர்களுக்கு வேலை எளிது. லார்ஜ் டால், எக்ஸ்ட்ரா லார்ஜ் டால் என்ற சைஸ்களில் மார்பு அதே அளவில் இருக்க, கையும் உடம்பும் நீண்டிருக்கும். சார்ல்ஸ் டிர்விட் போன்ற பிரிட்டிஷ் சட்டை நிறுவனங்கள் காலரையும் கை நீளத்தையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்க விடுகின்றன. ஜெர்மன் சட்டைகளில் கூடுதல் நீளக் கை என்றே ஒரு பிரிவு உண்டு. வெளிநாட்டிலிருந்து உறவினர் யாராவது சட்டை வாங்கி வருவதாகச் சொன்னால், ‘எக்ஸ்எல்’ என்று சொல்லாதீர்கள். கழுத்து இவ்வளவு, கை இவ்வளவு என்று இரண்டு எண்ணைச் சொல்லுங்கள்.

அளவெடுக்கும் முறை

இன்ச் டேப், ஒரு காகிதம், உதவிக்கு ஒருவர். தனியாக அளந்தால் தோள் அசையும், அளவு தவறும். கையைத் தொங்கவிட்டு, முழங்கையை இலேசாக மடக்கி நில்லுங்கள். விறைத்த கையில் எடுத்த அளவு, மடக்கிய கைக்குப் போதாது.

முதலில் தோள். தோள்பட்டையின் மேல் விரலை வைத்து வெளிப்பக்கமாக நகர்த்தினால், எலும்பு முடிந்து சதை இறங்கும் இடம் தட்டுப்படும். அதுதான் தோள் முனை. ஒரு தோள் முனையிலிருந்து மறு முனைவரை, பின்கழுத்து எலும்புக்குச் சற்றுக் கீழே முதுகோடு ஒட்டி அளந்தால் தோள் அளவு.

அடுத்தது கை நீளம். தோள் முனையில் தொடங்கி, முழங்கையின் வெளிப்பக்கம் வழியாக, மணிக்கட்டில் துருத்தி நிற்கும் எலும்பைத் தாண்டி, கட்டை விரலின் அடிப்பகுதி தொடங்கும் இடம்வரை அளக்க வேண்டும். மணிக்கட்டு எலும்போடு நிறுத்தினால் சட்டை போட்ட அன்றே கை குட்டையாகத் தெரியும். இரண்டு கைகளையும் அளந்து பாருங்கள். பலருக்குக் கால் இன்ச், அரை இன்ச் வித்தியாசம் இருக்கும். நீளமான கையின் அளவே உங்கள் அளவு. தைக்கக் கொடுக்கும்போது இரண்டையும் தனித்தனியாகச் சொல்லலாம்.

இணையக் கடைகளின் அளவுப் பட்டியலில் தடுமாற வைப்பது ஒன்று உண்டு. சிலர் கை நீளத்தைத் தோள் முனையிலிருந்து சொல்கிறார்கள். சிலர் பின்கழுத்தின் நடுவிலிருந்து, தோள் வழியாக மணிக்கட்டுவரை சொல்கிறார்கள். 24 முதல் 28 வரையான எண் இருந்தால் அது தோளிலிருந்து. 32 முதல் 38 வரை இருந்தால் பின்கழுத்திலிருந்து. ஒன்றை மற்றொன்றாக மாற்றத் தோள் அளவில் பாதியைக் கூட்டினால் போதும். தோள் 17½, கை 26½ என்றால் 8¾ கூட்டி 35¼. வெளிநாட்டுப் பட்டியலில் உங்கள் எண் 35 அல்லது 36. இரண்டுக்கும் நடுவில் வந்தால் கூடுதல் எண்ணையே எடுங்கள். நீளமான கையைக் குறைப்பது எளிது, குறைந்த கையை நீட்டுவது கடினம்.

இவற்றோடு கழுத்துச் சுற்று, மணிக்கட்டுச் சுற்று, சட்டை உயரம் ஆகியவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். ஐந்து எண்கள். இவற்றைக் கைபேசியில் பதிந்துவைத்தால் எந்த ஊர்க் கடையிலும் பயன்படும்.

கை நீளத்தைக் குறைக்கும் நான்கு இடங்கள்

சட்டையை மேசையில் விரித்து அளந்தால் கை 26 இன்ச் இருக்கும். போட்டுக்கொண்டு பைக் ஓட்டினால் மணிக்கட்டு வெளியே வந்துவிடும். குறையும் அந்த ஒன்றிரண்டு இன்ச் எங்கே போகிறது என்பதுதான் இந்த அத்தியாயத்தில் நீங்கள் அவசியம் புரிந்துகொள்ள வேண்டியது.

முதல் இடம் அக்குள். தையற்காரர்கள் ஆர்ம்ஹோல் என்று சொல்லும் வளைவு ஆழமாக இறங்கியிருந்தால், கையைத் தூக்கும்போது சட்டையின் உடம்புப் பகுதி முழுவதும் கூடவே மேலே வரும். டக் இன் செய்த சட்டை வெளியே வந்துவிடும், கஃப் முழங்கையை நோக்கி ஓடும். வளைவு அக்குளை ஒட்டி உயரமாக இருந்தால் கை மட்டும் தனியே அசையும், சட்டை இருந்த இடத்தில் இருக்கும். இதைக் கடையிலேயே சோதிக்க ஒரு வழி உண்டு. அக்குள் தையல் தொடங்கும் இடத்திலிருந்து கஃப் நுனிவரை உட்பக்கமாக அளந்து பாருங்கள். வெளிப்பக்க நீளம் ஒன்றாகவே உள்ள இரண்டு சட்டைகளில், உட்பக்க நீளம் கூடுதலாக உள்ளதே நீண்ட கைக்கு ஏற்றது. கையைத் தூக்கும்போது இழுபடுவது உட்பக்கம்தான். பெரிய சைஸ் சட்டை ஏமாற்றும் இடமும் இதுதான். அதில் அக்குள் இன்னும் ஆழமாக இறங்கியிருக்கும்.

இரண்டாவது இடம் முதுகு. கைகளை முன்னால் நீட்டும்போது தோள்பட்டைகள் விலகி முதுகு அகலமாகிறது. முதுகில் துணி போதாவிட்டால் அது கையிலிருந்து இழுத்துக்கொள்ளும். தோளையும் மேல்முதுகையும் மூடும் யோக் துண்டுக்குக் கீழே, நடுவில் ஒரு பெட்டி மடிப்போ இருபுறமும் ஒவ்வொரு மடிப்போ இருந்தால் அந்தத் துணி அங்கேயே கிடைக்கும். மடிப்பே இல்லாத, முதுகில் ஒட்டிய ஸ்லிம் ஃபிட் சட்டைகளில் கை சீக்கிரம் ஏறிவிடுவதற்குக் காரணம் இதுவே.

மூன்றாவது இடம் தோள். தோள் தையல் தோள் முனைக்கு உள்ளே அரை இன்ச் நின்றால் கையும் அரை இன்ச் குறையும். கை குறைகிறது என்று நினைக்கும் அகலத் தோள்காரர்கள் பலருக்கு உண்மையில் குறைவது தோள்தான். தோளைச் சரியாக வைத்தாலே கை சரியாகிவிடும்.

நான்காவது இடம் கஃப். கஃப் மணிக்கட்டை மென்மையாகப் பிடித்து நிற்க வேண்டும். பட்டன் போட்ட நிலையில் அது உள்ளங்கையைத் தாண்டி நழுவக் கூடாது. அப்படி நின்றால், சட்டையின் கையைத் தேவைக்கு மேல் முக்கால் இன்ச் நீளமாகவே வைக்கலாம். கூடுதல் துணி கஃபுக்கு மேலே இலேசாகத் தளர்ந்து இருக்கும். கையை மடக்கும்போதும் நீட்டும்போதும் அந்தத் தளர்வு விரிந்துகொடுக்கும், கஃப் இருந்த இடத்தில் நிற்கும். கஃப் தொளதொளவென்று இருந்தால் இது நடக்காது. தொங்கும்போது உள்ளங்கையை மூடும், தூக்கும்போது முழங்கைக்குப் போகும். மணிக்கட்டுச் சுற்று 7 இன்ச் என்றால் பட்டன் போட்ட கஃபின் சுற்று 8½ இன்ச் போதும். கடிகாரம் கட்டும் கையில் மட்டும் கால் இன்ச் கூட்டுங்கள்.

ரெடிமேட் வாங்கும்போது

டேப்பைப் பையில் எடுத்துச் செல்லுங்கள். பிடித்த சட்டையை விரித்து, தோள் தையலிலிருந்து கஃப் நுனிவரையும் அக்குளிலிருந்து கஃப் நுனிவரையும் அளந்த பிறகு டிரையல் ரூமுக்குப் போங்கள். பத்துச் சட்டைகளைப் போட்டுக் கழற்றும் வேலை மிச்சமாகும். கழுத்துக்கும் மார்புக்கும் பொருந்தும் சைஸில் மட்டும் தேடுங்கள். அந்த சைஸில் பிராண்டுக்குப் பிராண்டு கை நீளம் மாறும். ஒரே பிராண்டிலேயே ஃபார்மலுக்கும் கேஷுவலுக்கும் மாறும். உங்கள் எண்ணுக்குப் பொருந்தும் பிராண்டு ஒன்று கிடைத்துவிட்டால் அதை விடாதீர்கள்.

டிரையல் ரூமில் எல்லாப் பட்டன்களையும், கஃப் பட்டன் உட்பட, போட்டுக்கொண்டு ஐந்து சோதனைகள்:

1. கையைத் தொங்கவிடுங்கள். கஃப் மணிக்கட்டு எலும்பை மூடி, கட்டை விரல் அடியில் நிற்க வேண்டும்.
2. பைக் ஹேண்டிலைப் பிடிப்பதுபோல் இரு கைகளையும் முன்னால் நீட்டுங்கள். கஃப் சற்றுப் பின்வாங்கலாம், மணிக்கட்டு எலும்பு முழுதாக வெளியே வரக் கூடாது.
3. பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிப்பதுபோல் ஒரு கையைத் தூக்குங்கள். டக் இன் செய்த சட்டை பேன்ட்டிலிருந்து உருவி வரக் கூடாது.
4. கைகளைக் குறுக்கே கட்டி இரு தோள்களையும் பிடியுங்கள். முதுகு இறுகினால் அந்தச் சட்டை வேண்டாம்.
5. கஃப் பட்டனைக் கழற்றிவிட்டுக் கையைத் தொங்கவிடுங்கள். சட்டையின் கை உள்ளங்கையின் நடுவரை இறங்கினால் தேவையான தளர்வு இருக்கிறது என்று பொருள். பட்டன் இல்லாமலும் மணிக்கட்டிலேயே நின்றால் இரண்டு துவைப்பில் குட்டையாகிவிடும்.

மூன்று தேறி இரண்டு தேறாவிட்டால், எவை தேறவில்லை என்று பாருங்கள். கஃப் தொளதொளத்தால் பட்டனை அரை இன்ச் நகர்த்தித் தைத்தாலே போதும், எந்த ஆல்டரேஷன் கடையிலும் செய்துதருவார்கள். இடுப்பு தொளதொளத்தால் பக்கவாட்டில் பிடித்துக்கொள்ளலாம். தோளும் அக்குளும் தவறினால் சரிசெய்வது பெரிய வேலை. கை குட்டையென்றால் கஃபையே மாற்றாமல் சரிசெய்ய வழியில்லை. ரெடிமேட் சட்டையில் கஃபுக்குள் மடித்து வைத்திருக்கும் துணி ஒரு சென்டிமீட்டர்கூட இராது. ‘பிரித்து நீட்டிக்கலாம்’ என்று யாராவது சொன்னால் நம்பி வாங்காதீர்கள்.

இணையத்தில் வாங்கினால், சட்டை வந்ததும் லேபிளைக் கழற்றாமல் முதலில் அளந்து பாருங்கள். திருப்பி அனுப்ப வசதியுள்ள கடையில் மட்டும் வாங்குங்கள்.

தையற்கடையில்

இவ்வளவு சிரமம் இல்லாத வழி நம் ஊரில் தெருவுக்குத் தெரு இருக்கிறது. நீண்ட கைக்காரருக்கு நல்ல கட்டிங் மாஸ்டரைப் போல உதவி வேறில்லை. மதுரைப் புதுமண்டபத்தில் தலைமுறைகளாகத் தைத்துவந்தவர்கள், ஒரு சட்டையைக் கொடுத்தால் அதே போல இன்னொன்று தைத்துத் தருவதில் வெளிநாட்டுப் பயணிகளிடமே பெயர் வாங்கியவர்கள். அந்தத் திறமைதான் நம்மிடம் எச்சரிக்கையையும் கேட்கிறது. அளவுச் சட்டை என்று எதைக் கொடுக்கிறீர்களோ அதுவே திரும்ப வரும். கை குட்டையான சட்டையை அளவுக்குக் கொடுத்துவிட்டுப் புதுச்சட்டையில் கை நீளமாக வரும் என்று எதிர்பார்க்க முடியாது.

எனவே மாஸ்டரிடம் தெளிவாகப் பேசுங்கள்.

“மாஸ்டர், இந்தச் சட்டைய உடம்புக்கு மட்டும் அளவா வெச்சுக்குங்க. கைக்கு மட்டும் என் மேல அளவெடுங்க.”

“கை எதுவரைக்கும் வேணும் தம்பி?”

“கட்டை விரல் அடிவரைக்கும். கஃபோட சேத்து இருபத்தாறரை. துணி சுருங்குறதுக்குத் தனியா அரை இன்ச் விடுங்க.”

‘கஃபோடு சேர்த்து’ என்பதை அழுத்திச் சொல்லுங்கள். மாஸ்டர் மொத்த நீளத்திலிருந்து கஃப் அகலத்தைக் கழித்துத்தான் கையை வெட்டுவார். நீங்கள் பிறகு கஃப் அகலத்தை மாற்றினால் அந்தக் கணக்கு மாறிவிடும். அளவு நோட்டில் எழுதிய எண்ணை ஒருமுறை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அதில் தவறில்லை, நல்ல மாஸ்டர் அதை மரியாதைக் குறைவாக நினைக்க மாட்டார்.

கேட்க வேண்டிய மற்றவை இவை. அக்குள் வளைவைச் சற்று உயர்த்தி, பிடிக்காத அளவுக்கு ஒட்டி வெட்டச் சொல்லுங்கள். முதுகில் மடிப்பு வைக்கச் சொல்லுங்கள். கஃப் அகலம் வழக்கமாக 2¼, 2½ இன்ச் இருக்கும், நீண்ட கைக்கு 2¾ இன்ச் பார்க்க நன்றாக இருக்கும். கஃபுக்கு மேல் உள்ள திறப்பையும் ஓர் இன்ச் நீட்டி, நடுவில் ஒரு பட்டன் வைத்தால் கையை மடித்துவிடுவது எளிது. கஃபில் இரண்டு பட்டன் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். உயரமானவர்கள் சட்டை உயரத்திலும் ஓர் இன்ச், ஒன்றரை இன்ச் கூட்டுங்கள். கை மட்டும் நீளமாகி உயரம் குறைந்தால் டக் இன் நிற்காது.

டிரையல் பார்க்க முடிந்தால், கஃப் ஏற்றுவதற்கு முன்பே பார்க்கக் கேளுங்கள். அந்த நிலையில் நீளத்தைக் குறைப்பது ஐந்து நிமிட வேலை. புது மாஸ்டரிடம் முதலில் ஒரே ஒரு சட்டை தையுங்கள். மூன்று முறை துவைத்துப் போட்டுப் பார்த்து, திருத்தம் சொல்லி, அதன்பிறகு மற்றவற்றைக் கொடுங்கள். சரியாக அமைந்த அந்த ஒரு சட்டையே அதன்பின் உங்கள் அளவுச் சட்டை. அதைப் பழையதாக விடாமல் பத்திரமாக வையுங்கள்.

துணியும் சுருக்கமும்

58 இன்ச் பன்னாவில் (துணியின் அகலம்) முழுக்கைச் சட்டைக்கு 1.60 மீட்டர் வெட்டித் தருவது வழக்கம். 36 இன்ச் பன்னாவில் இரண்டேகாலிலிருந்து இரண்டரை மீட்டர். நீண்ட கைக்காரர்கள் கால் மீட்டர் கூடுதலாக வாங்க வேண்டும். ரெடி கட்பீஸ் பெட்டிகளில் 1.60 மீட்டர்தான் இருக்கும் என்பதால், தானிலிருந்து (முழுத் துணிச் சுருளிலிருந்து) வெட்டித் தரும் கடையே உங்களுக்கு நல்லது. சென்னையில் கோடவுன் தெரு அதற்குப் பெயர் போனது. துணி குறைந்தால் மாஸ்டர் முதலில் கை வைக்கும் இடம் கை நீளமாகத்தான் இருக்கும்.

பருத்தி சுருங்கும். 26 இன்ச் கையில் மூன்று சதவீதம் சுருங்கினாலே முக்கால் இன்ச் போய்விடும். சான்ஃபரைஸ்டு என்ற முத்திரையுள்ள துணியை ஆலையிலேயே சுருக்கி அனுப்புகிறார்கள். அமெரிக்கரான சான்ஃபோர்ட் க்ளூயெட் 1930-இல் காப்புரிமை பெற்ற முறை அது. அத்தகைய துணி வீட்டில் சுருங்குவது மிகக் குறைவு. கைத்தறி, லினன், ரேயான் ஆகியவற்றை வெட்டுவதற்கு முன் நனைக்காமல் கொடுக்காதீர்கள். ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, பிழியாமல் நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட்டுக் கொடுங்கள். கோ-ஆப்டெக்ஸில் வாங்கும் கைத்தறிச் சட்டைத்துணிக்கும் இதே வழிதான். கல்யாணத்துக்கான பட்டுச் சட்டையை நனைக்க வேண்டாம். அதை ரெடிமேடாக வாங்குவதைவிடத் துணியாக வாங்கித் தைப்பதே நீண்ட கைக்கு நல்லது. மாப்பிள்ளை மாலை வாங்கக் கையை நீட்டும்போதுதான் எல்லாக் கேமராக்களும் பார்க்கின்றன.

மீந்த துணியை மாஸ்டரிடம் கேட்டு வாங்கி வையுங்கள். சட்டையில் முதலில் தேய்ந்து நைவது காலரும் கஃபும்தான். அந்தத் துணியில் புதுக் கஃப் வைத்தால் சட்டைக்கு இன்னும் இரண்டு வருட ஆயுள்.

அலமாரியில் இருக்கும் குட்டைக் கைச் சட்டைகள்

அவற்றைத் தூக்கிப்போட வேண்டாம். மூன்று வழிகள் உள்ளன. கஃபை மட்டும் கழற்றி, 3½ இன்ச் அகலத்தில் புதுக் கஃப் வைத்தால் ஓர் இன்ச் கிடைக்கும். அதே துணி கிடைக்காவிட்டால் வெள்ளைத் துணியில் கஃபும் காலரும் சேர்த்து மாற்றலாம். நீலம், கோடு போட்ட சட்டைகளுக்கு அது பொருந்தும். கஃப் மட்டும் வெள்ளையாக இருந்தால் ஒட்டுப்போட்டது தெரியும், காலரும் சேர்ந்தால் அழகாகத் தெரியும்.

இரண்டாவது வழி, மடித்துவிடுவது. கஃபை முழங்கைக்குச் சற்றுக் கீழேவரை ஒரே மடிப்பாகத் தூக்கி, கீழே தொங்கும் துணியை அதன் மேல் இன்னொரு முறை மடியுங்கள். கஃபின் விளிம்பு சற்று வெளியே தெரியட்டும். மடிப்பு அவிழாது. நேர்முகத் தேர்வு, அலுவலகக் கூட்டம் போன்றவற்றுக்கு இது சரிப்படாது, மற்ற எல்லா இடத்துக்கும் சரிப்படும்.

மூன்றாவது வழி, அரைக்கையாக வெட்டிவிடுவது. இதிலும் நீண்ட கைக்கென ஒரு கணக்கு உண்டு. வழக்கமான 9 இன்ச் அரைக்கை நீண்ட கையில் மிகக் குட்டையாகத் தெரியும். முழங்கைக்கு மேலே இரண்டு மூன்று இன்ச் விட்டு நிறுத்தச் சொல்லுங்கள். சுற்றளவையும் குறைக்க வேண்டும். மெலிந்த கையில் அகலமான அரைக்கை விரிந்து நின்று, கையை இன்னும் நீளமாகக் காட்டும்.

கோட் போடுபவர்களுக்கு ஒரு குறிப்பு. கோட்டின் கைக்கு வெளியே சட்டைக் கஃப் அரை இன்ச் தெரிய வேண்டும். சட்டைக் கை சரியாக இருந்து கோட்டின் கை குட்டையாக இருந்தால், கோட்டின் உள்மடிப்பில் பெரும்பாலும் ஓர் இன்ச் இருக்கும், பிரித்து இறக்கலாம். கை நுனியில் உண்மையான காஜா போட்டுத் திறந்து மூடும் பட்டன்கள் உள்ள கோட்டில் மட்டும் இது முடியாது.

கடைசியாக

நீண்ட கை உடம்பின் குறையல்ல. சராசரிக்கு வெட்டிய சட்டையில் உங்களுக்கு இடம் வைக்கப்படவில்லை, அவ்வளவுதான். பெரிய சைஸில் ஒளிந்துகொள்வதையும், எந்நேரமும் கையைச் சுருட்டிவிட்டுச் சமாளிப்பதையும் இன்றோடு நிறுத்துங்கள். கழுத்து, தோள், கை நீளம், மணிக்கட்டு, சட்டை உயரம் ஆகிய ஐந்து எண்களையும் இன்றைக்கே எழுதுங்கள். கடையில் “பெரிய சைஸ் இருக்கா?” என்று கேட்காதீர்கள். “இதே சைஸ்ல கை இருபத்தாறரை இருக்கா?” என்று கேளுங்கள். கேட்பவர்கள் பெருகினால்தான் வைப்பவர்கள் வருவார்கள். அதுவரை, இல்லையென்று சொன்னால் தயங்காமல் துணி எடுத்துத் தைத்துக்கொள்ளுங்கள்.